நான் சாட்சி போட்ட வீடு

அருப்புக்கோட்டை,
14-9-1994.

அன்பு மகன் மாதவனுக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், சூரத்தில் நீயும் மாரீஸ்வரியும் அதேபோல் இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். அவளுக்கு ஏழாம் மாதம் நடக்கிறது, படி ஏறி இறங்கவிடாதே, தண்ணீர்க் குடத்தை நீயே தூக்கு. உன் கடிதம் வந்து பதினோரு நாளாகிறது. பதில் இல்லையே என்று கோபமாக இருப்பாய். மூன்று தடவை எழுத உட்கார்ந்து மூன்று தடவையும் எழுந்துவிட்டேன், அடுப்படிக்குப் போவேன், எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்பி வருவேன். பூத்தில் போய் போன் போட்டுச் சொல்லிவிடேன் என்றார் அப்பா. மூன்று நிமிடத்தில் சொல்லக்கூடிய விஷயமா இது. இன்று எழுதித்தான் ஆக வேண்டும்.

பின்தெரு வீட்டுக்கு முன்பணம் கொடுத்தாயிற்றா என்று கேட்டிருந்தாய். கொடுக்கவில்லை. இனிமேல் கொடுக்கப்போவதும் இல்லை. இந்த வரியோடு கடிதத்தை மடித்து வைத்துவிடாதே, முழுக்கப் படி. உனக்கு அது பொன்ராஜ் அண்ணாச்சி விற்கிற வீடு என்று மட்டும்தான் தெரியும். அதற்கு முன்னால் அது லாரி டிரைவர் கோட்டைச்சாமியும் அவன் பெண்டாட்டி முருகேஸ்வரியும் கட்டிய வீடு. பந்தல்குடிக்குச் சுண்ணாம்புக்கல் லோடு அடித்து அடித்து இரண்டு அறை போட்டார்கள், பூச்சுப் பூசவே இரண்டு வருஷம் ஆனது. 91-இல் கோட்டைச்சாமியின் சொந்த லாரி இன்ஜின் போய்விட்டது என்று பொன்ராஜ் அண்ணாச்சி பைனான்ஸில் வீட்டை வைத்து இருபதாயிரம் கேட்டார்கள். அவரும் சரி என்றார். பத்திர ஆபீசுக்குச் சாட்சிக்கு ஆள் வேண்டும் என்று முருகேஸ்வரி என்னைத்தான் கூப்பிட்டாள். எட்டாவது வரை படித்தவள் இந்தத் தெருவில் நான் ஒருத்திதானே. "அக்கா, நீங்க வாசிச்சுப் பாத்துச் சொல்லுங்க, நீங்க சரின்னா நான் கைநாட்டு வைக்கேன்" என்றாள்.

வாசித்தேன் மாதவா. அடமானம் என்று இருக்க வேண்டிய இடத்தில் கிரயம் என்று இருந்தது. அது என்னவென்று தெரியாத ஆள் இல்லை நான். "அண்ணாச்சி, இது வித்ததால்ல ஆகும்" என்று அவரிடமே மெதுவாகக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு, "அது சும்மா பேருக்கு மதினி. ஏம் பேர்ல இருந்தாத்தான் நான் ஒரு எடத்துல வாங்கி இவுகளுக்குக் குடுக்க முடியும். பணத்தக் கட்டுன அன்னைக்கே திருப்பி எழுதிக் குடுத்துருவேன்" என்றார். அப்போது அவர் கல்யாண மண்டபம் கட்ட ஆரம்பித்த நேரம், கம்பி, தகடு எல்லாம் நம் கடையில்தான் எடுத்துக்கொண்டிருந்தார், அடுத்த மாதம் உன் கல்யாணம். இந்த மனுஷனைப் பகைத்துக்கொள்வதா என்று ஒரு நொடி நினைத்தேன், ஒரு நொடிதான். திரும்பி முருகேஸ்வரியிடம் "சரியாத்தான் இருக்கு, வையி" என்று சொல்லிவிட்டேன். அவள் கட்டைவிரலை மையில் வைத்தாள். கீழே நான் கையெழுத்துப் போட்டேன். இதை மூன்று வருஷம் உன் அப்பாவிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தேன்.

அதற்கப்புறம் மாதாமாதம் வட்டி கட்டினார்கள். அவர் கொடுத்த ரசீதில் எல்லாம் வாடகை வாடகை என்று எழுதியிருந்தது, அவர்களுக்கு எங்கே தெரியும். போன மாசி மாதம் முருகேஸ்வரியின் அண்ணன், வீரசோழன் ஊர்ச் சந்தையில் ஆடுகளை விற்றுக் கொடுத்து, இவர்கள் சேர்த்து வைத்திருந்ததையும் போட்டு, முழுப்பணத்தையும் துணியில் முடிந்து கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்திருக்கிறார்கள். அவர் அதைத் தொடவே இல்லையாம். "வித்த வீட்ட யாராச்சும் திருப்பிக் கேப்பாகளாம்மா? வாடகைக்கு இருக்கீக, இருங்க, இல்லைன்னா காலி பண்ணுங்க" என்றாராம். அதற்குள் அந்த வீட்டைத் தன் சம்சாரத்துக்கே ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கு விற்ற மாதிரி இன்னொரு பத்திரம் போட்டு, அதைக் காட்டிப் பேங்கில் பெரிய லோனும் வாங்கியிருக்கிறார். ஐம்பது அறுபதாயிரத்துக்கு மேல் போகாத வீடு அது. இது மாதிரி நம் வட்டாரத்தில் ஏழெட்டு வீடாம், பிற்பாடு முருகேஸ்வரியின் வக்கீல் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

உனக்குச் சித்திரையில் எழுதியிருந்தேனே, நம் வீட்டுக்காரர் மொக்கையன் வாடகையை முந்நூறிலிருந்து ஐந்நூற்றைம்பது ஆக்கிவிட்டார் என்று. என்ன அநியாயம் என்று நீ பதில் போட்டிருந்தாய். நான் அவரிடம் சண்டைக்குப் போனபோது, "பின்தெருவுல ரெண்டு ரூம்பு வீடே ஒண்ணு அறுபதுக்குப் பதிவாயிருக்கு. முந்நூறு ரூவாய்க்கு விட்டுட்டு ஒக்காந்திருக்க நான் என்ன கிறுக்கனா?" என்று கேட்டார். தறி ஓட்டுகிற ஐயப்பன் குடும்பம் ஐந்து வருஷமாக ஒரு வீடு வாங்கச் சேர்த்து வந்தது, விலை கேட்டுவிட்டு அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்கள். யாருமே உண்மையில் கொடுக்காத ஒரு விலை, தாளில் மட்டும் இருக்கிற விலை, அது தெரு முழுக்க ஏறி உட்கார்ந்துகொண்டது. அந்தத் தாளுக்கு அடியில் இருக்கிற முதல் தாளில் என் கையெழுத்து இருக்கிறது.

பங்குனியில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு நாலு ஆட்கள் வந்து அவர்கள் சாமான்களைத் தெருவில் எடுத்து வைத்தார்கள். பீரோ, அரிசி டிரம், சாமி படம் எல்லாம் வெயிலில். தெருவே வெளியே வந்து நின்றது. நான் வரவில்லை. கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு பாத்திரம் தேய்த்தேன், தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்தேன்.

ஆடியில் பொன்ராஜ் அண்ணாச்சி நம் வீட்டுக்கு வந்தார். அதைத்தான் உனக்குச் சந்தோஷச் செய்தியாக எழுதினேன், பாதியை மட்டும் எழுதினேன். மகனுக்கு அந்த வீட்டைத் தொண்ணூறாயிரத்துக்குத் தருகிறேன், பத்திரத்தில் ஒன்று எண்பது என்று காட்டுவோம், கம்பெனியில் அதற்குத் தக்கபடி லோன் கிடைக்கும், முன்பணமாகக் கொஞ்சம் கொடுத்தால் போதும், அதற்கு மேல் கையிலிருந்து ஒரு பைசா போட வேண்டாம் என்றார். நீயும், சூரத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று எழுதி, அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டிய படிவத்தையும் அனுப்பிவிட்டாய். நான் எழுதாமல் விட்ட பாதி இதுதான். அவர் எழுந்து செருப்பைப் போடும்போது, "கோர்ட்டுல இருந்து ஒங்க பேருக்கு ஒரு தாள் வரும் மதினி. கிரயம்னு தெரிஞ்சுதான் எழுதிக் குடுத்தாகன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துருங்க" என்றார். முருகேஸ்வரி கேஸ் போட்டிருந்தாள். பேங்குக் கடனை மூட உன் கம்பெனிப் பணம் அவருக்கு வேண்டும், கேஸை மூட என் வாய் வேண்டும்.

நமக்கென்று ஒரு சுவர் இல்லாமல் முப்பது வருஷம் வாடகை வீட்டில் இருந்துவிட்டேன், ஆசை இல்லாமலா இருக்கும். பேரப்பிள்ளையை அந்த முன்னறையில் தொட்டில் கட்டிப் போடுவது வரை நினைத்துப் பார்த்துவிட்டேன். கோர்ட்டுத் தாளும் வந்தது. ஒரு நாள் காய்கறி வாங்கப் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு பஸ்ஸேறிப் பந்தல்குடிக்குப் போனேன். கல்குவாரி போகிற பாதையில் ஒரு தகரக் கொட்டகையில் இருக்கிறார்கள், தகரம் மேலே வெள்ளையாகச் சுண்ணாம்புத் தூசி. முருகேஸ்வரி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்தாள், உட்காரச் சொன்னாள், டீ போடவும் போனாள். போனவள் திரும்பி, "அவுக அனுப்பிவிட்டாகளா அக்கா?" என்று கேட்டாள். கோபமே இல்லை மாதவா அந்தக் குரலில். அண்ணாச்சியின் ஆளாகத்தான் நான் அங்கே போயிருப்பேன் என்று சாதாரணமாக நினைத்துக் கேட்டாள். இல்லை என்றேன். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "மண்டபத்து வேலை இன்னும் பாதி கெடக்கு, அந்த வியாபாரம் போகும். போனாப் போகுது, நீ நடந்ததச் சொல்லு" என்றார்.

நேற்று செவ்வாய்க்கிழமை கோர்ட்டு. கூண்டில் ஏறினதும் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பொன்ராஜ் அண்ணாச்சி எதிரே பெஞ்சில் உட்கார்ந்து எனக்குத் தைரியம் சொல்கிற மாதிரி தலையை ஆட்டினார். முருகேஸ்வரியின் வக்கீல் கேட்டதும் பத்திர ஆபீசில் நடந்ததை அப்படியே சொன்னேன், ஆட்டுகிற தலை நின்றுவிட்டது. பிறகு அண்ணாச்சியின் வக்கீல் எழுந்தார். உங்களுக்கு வாசிக்கத் தெரியுமா என்றார். தெரியும் என்றேன். அப்படியானால் கிரயம் என்று வாசித்துவிட்டுத்தானே கையெழுத்துப் போட்டீர்கள், அன்றைக்கு ஏன் வாயைத் திறக்கவில்லை என்றார். "எங்க கடையில கம்பி வாங்கிட்டு இருந்தாக. அதனால தொறக்கல" என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை, இன்னொரு தடவை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். சொல்வதற்கு முதல் தடவையைவிட இரண்டாம் தடவை கஷ்டமாக இருந்தது. தீர்ப்பு வரும்வரை அந்த வீட்டை யாருக்கும் விற்கக் கூடாது என்று உத்தரவாகியிருக்கிறது. வீடு அவர்கள் கைக்கு வருமா என்று இப்போது சொல்ல முடியாதாம், ஆனால் கேஸ் பிழைத்துக்கொண்டது என்று வக்கீல் சொல்கிறார். வெளியே வேப்பமரத்தடியில் கோட்டைச்சாமி என்னைப் பார்த்துக் கும்பிட்டான். முருகேஸ்வரி கும்பிடவில்லை. பக்கத்தில் வந்து, "இத அன்னைக்கே சொல்லியிருந்தா நான் கைநாட்டே வச்சிருக்க மாட்டேனேக்கா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்கள். நேற்றிலிருந்து அது ஒன்றுதான் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. நல்லது செய்தால் மனசு ஆறும் என்பார்கள், எனக்கு ஆறவில்லை. மூன்று வருஷம் தாமதமாகச் செய்தது ஆறாது போலிருக்கிறது.

இன்று காலையில் மண்டபத்து மேஸ்திரி வந்து இனிமேல் சரக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா வழக்கம்போல் கடையைத் திறந்துவிட்டார். உன் படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன், அவர் கையெழுத்துப் போடவில்லை, நான்தான் வேண்டாம் என்றேன், கோபப்படுவதானால் என்மேல் படு. தொண்ணூறுக்கு வாங்கிவிட்டு ஒன்று எண்பது என்று எழுதினால் அடுத்த தெருவில் ஒரு ஐயப்பன் வீட்டு ஆசையை நாம் அழிக்கிறோம், அந்தப் பெரிய லோனையும் இருபது வருஷம் நீதான் கட்ட வேண்டும். திருச்சுழி ரோட்டில் மனை விசாரித்தேன், அங்கேயும் விலை எட்டவில்லை. இந்த வருஷம் நமக்கு வீடு இல்லை. பிரசவத்துக்கு மாரீஸ்வரி வரப்போவது இந்த வாடகை வீட்டுக்குத்தான். மொக்கையனிடம் பேசிவிட்டேன், ஐந்நூற்றைம்பது கொடுத்துவிடுகிறோம், முன்னறைக்கு மட்டும் வெள்ளையடித்துக் கொடுங்கள் என்று கேட்டேன், பார்க்கலாம் என்றிருக்கிறார். இருக்கிற அறையில் என் பேரப்பிள்ளைக்கு இடம் இல்லாமலா போய்விடும்.

நீயும் மாரீஸ்வரியும் பிள்ளையும் நூறு வயசுக்கு நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், குலசாமி கூடவே துணை இருக்கட்டும். ரயிலுக்குக் கீழ்ப் படுக்கையாகப் பார்த்து டிக்கெட் எடு, ஆஸ்பத்திரிச் சீட்டுகளை மறக்காமல் கையில் கொடுத்துவிடு. வீடு கிடைக்காது என்று அவளிடம் நீ சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடாதே. இந்தக் கடிதத்தை அவள் கையில் கொடு. அவளே வாசிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஐ. தங்கம்மாள்.