அளவுக் கண்ணாடியில் தெரியாத ஆயில்

அன்புள்ள நிவெஸுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் என் வலது முழங்காலும் ஏழு கோழிகளும் இங்கே மோதிலியானாவில் சுகம். நீயும் மாப்பிள்ளை டங்கனும் அந்தப் பெர்த் ஊரில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொள்கிறேன். ஞாயிறுதோறும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, இதென்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பாய். போன மூன்று ஞாயிறும் நீ பார்த்தது என் முகத்தை மட்டும்தான். இடது கையை மேஜைக்கு அடியில் வைத்திருந்தேன், அதில் கட்டுப் போட்டிருந்தது. பயப்படாதே, இப்போது ஆறிவிட்டது, வெந்த இடத்தில் புதுத் தோல் வந்து அந்தக் கை மட்டும் என்னைவிட இளமையாக இருக்கிறது. உன் முகத்தைப் பார்த்து எனக்குப் பொய் சொல்ல வருகிறது, எழுதும்போது வரவில்லை, அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

பிப்ரவரியில் அந்தச் சிவப்பு வண்டியை வாங்கினபோது நீ கத்தியது அப்பா படத்துக்கே கேட்டிருக்கும். அறுபத்துநாலு வயதில் ஒரு பொம்பளைக்கு இருநூறு கிலோ மோட்டார் சைக்கிள் எதற்கு என்றாய், நியாயமான கேள்விதான். எழுபத்தொன்பதாம் வருஷம் எடுத்த கார் லைசென்ஸிலேயே மோட்டார் சைக்கிளும் ஓட்டலாம் என்று இருக்கிறது, அரசாங்கத்துக்கு என் மேல் உன்னைவிட நம்பிக்கை அதிகம் என்றேன். கடைசியில் நீ ஒரு வாக்கு வாங்கிக்கொண்டாய், ஒரே ஒரு தடவை ஆபத்து என்று வந்தாலும் வண்டியை விற்றுவிட வேண்டும் என்று. சரி என்றேன். அந்த ஆபத்து வந்தது. அதைச் சொல்லத்தான் இத்தனை சுற்றி வளைக்கிறேன்.

புது வண்டிக்கு ஆயிரம் கிலோமீட்டர் ஓடினதும் முதல் சர்வீஸ் செய்ய வேண்டும், பழைய ஆயிலை இறக்கிப் புது ஆயில் ஊற்றி, நட்டு போல்ட் எல்லாம் பார்த்து, புத்தகத்தில் முத்திரை வாங்க வேண்டும். அதுவரைக்கும் விரட்டக் கூடாது என்று நானும் நத்தை மாதிரி ஓட்டி, என் பின்னால் வந்த டிராக்டர்காரன்கூட ஹாரன் அடிக்கிற நிலைமையில் ஒருவழியாகத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு ஓட்டி முடித்தேன். ஃபாயென்சாவில் இருக்கிற கம்பெனிக் கடையில் சர்வீஸுக்குக் கேட்டால் பதினெட்டு நாள் கழித்துத்தான் இடம் என்றார்கள். ஆனால் அந்த ஞாயிறு தேவாலயத்து முன்னால் வண்டிகளை ஆசீர்வதிக்கிற நாள், உனக்குத் தெரியும், பாதிரியார் தண்ணீர் தெளித்ததும் எல்லோரும் கூட்டமாக மலைக்கணவாய் வரைக்கும் போவார்கள். முப்பது வருஷம் அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டே போன பாதை அது, இந்தத் தடவை பாதையைப் பார்த்துக்கொண்டு போகலாம் என்று எனக்கு ஒரே ஆசை. சர்வீஸ் செய்யாத வண்டியில் மலை ஏறக் கூடாது, சரி, நானே செய்துவிடுவது என்று முடிவு கட்டிவிட்டேன்.

அப்பாவிடம் வேலை பழகி இப்போது பட்டறையை நடத்துகிற குவால்தியேரோ வெள்ளிக்கிழமையே சொன்னான், "அண்ணி, முதல் சர்வீஸை கம்பெனி ஆளுங்ககிட்டயே விட்ருங்க, முத்திரை இல்லேன்னா நாளைக்கு ஒண்ணுன்னா கையை விரிச்சிடுவாங்க." நான் விட்டேனா, நீ ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிக்கறதுன்னு தெரியாம முழிச்ச காலத்துலயே உங்க அண்ணனுக்கு ஒவ்வொரு ஸ்பேனரா எடுத்துக் குடுத்தவ நான்டா என்றேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு போனான். சனிக்கிழமை காலையில் ஆறு மொழியில் அச்சடித்த வண்டிப் புத்தகத்தை எடுத்து, அதன் மேல் காபிக் கோப்பையை வைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தேன். எஞ்சின் சூடாக இருந்தால்தான் ஆயில் நன்றாக இறங்கும் என்பது மட்டும் ஞாபகம் இருந்தது, சூடான எஞ்சினோடு புகைக்குழாயும் சூடாக இருக்கும் என்பது ஞாபகம் இல்லை. கை வெந்தது அப்படித்தான். ஒரு கையைத் தண்ணீர் வாளியில் விட்டுக்கொண்டு மறு கையால் புது ஆயிலை ஊற்றினேன். வண்டியின் வலது பக்கம் ஆயில் அளவு பார்க்க ஒரு சின்ன வட்டக் கண்ணாடி இருக்கிறது. பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, காலி. இன்னும் ஊற்றினேன். அப்போதும் காலி. நாற்பது வருஷம் பியாதீனா ரொட்டிக்குக் கண் அளவிலேயே மாவும் கொழுப்பும் போட்டவளுக்கு அளவுக் குவளை எதற்கு, கண்ணாடியில் ஆயில் தெரிகிற வரைக்கும் ஊற்றிவிட்டு ராணி மாதிரி எழுந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எண்பது வண்டிகள் வரிசையாக நின்றன, நான் முதல் வரிசையில். பாதிரியார் டான் உலிஸ்ஸே வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார், வழக்கம்போல எல்லோரும் எஞ்சினை முறுக்கினார்கள், நானும் முறுக்கினேன். என் வண்டியிலிருந்து வெள்ளை வெளேரென்று புகை எழுந்து கோயில் மணிக்கூண்டு வரைக்கும் போனது. கூட்டத்தில் எவனோ "வெள்ளப் பொக வந்துடுச்சு, புது போப்பு வந்துட்டாருடோய்" என்று கத்தினான், சதுக்கமே கைதட்டியது. டான் உலிஸ்ஸே இருமிக்கொண்டே, "எர்சிலியாம்மா, தூபம் போடறது என் வேலை, உங்க வேலை இல்ல" என்றார். நானோ கைதட்டல் எல்லாம் எனக்குத்தான் என்று கையை வேறு ஆட்டினேன். புது வண்டி என்றால் கொஞ்சம் புகையத்தானே செய்யும் என்று நினைத்தேன், அவ்வளவு அறிவு.

எல்லோரும் கிளம்பினார்கள், நானும் கியரைப் போட்டேன். குவால்தியேரோ ஓடி வந்து குறுக்கே நின்றான், எஞ்சினை நிறுத்தி சாவியை உருவிக்கொண்டான். ஊர் முழுக்கப் பார்க்க அவனைத் திட்டினேன், என் வண்டி, என் சாவி, நீ யாருடா கேக்கறதுக்கு என்றேன். அவன் குனிந்து பின் சக்கரத்தை விரலால் தடவி என் முகத்துக்கு நேரே நீட்டினான். விரல் முழுக்க ஆயில். "பாலத்துக்கிட்ட திரும்பற எடத்துல வழுக்கியிருக்கும் அண்ணி. வண்டியை நான் சரி பண்ணிருவேன். உங்கள யார் பண்றது?" என்றான். நான் இறங்கிப் போய்க் கோயில் படியில் உட்கார்ந்தேன். பாலத்துக்குக் கீழே எவ்வளவு பாறை என்று உனக்குத் தெரியும். உனக்கு யார் போன் செய்து சொல்லியிருப்பார்கள், அங்கே அப்போது மணி என்னவாக இருந்திருக்கும் என்றெல்லாம் ஓடியது. எனக்கு அவ்வளவு பயமாக இருந்தது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்குப் போனோம். அவன் வண்டியை நேராக நிமிர்த்தி, இப்பப் பாருங்க என்றான். கண்ணாடி மூழ்கிப் போயிருந்தது. நான் சைடு ஸ்டாண்டில் இடது பக்கம் சாய்ந்து நிற்கிற வண்டியில் வலது பக்கக் கண்ணாடியைப் பார்த்து ஊற்றியிருக்கிறேன். ஒரு லிட்டருக்கு மேல் வெளியே எடுத்தான், அந்த அதிகப்படி ஆயில்தான் புகையாகவும் கிளம்பி, பின் சக்கரத்திலும் வழிந்திருக்கிறது. "அண்ணன் ஆயில் பாக்கறப்பல்லாம் வண்டிய நிமித்திப் பிடிச்சது யாரு?" என்று கேட்டான். நான்தான். நிமிர்த்திப் பிடி எர்சிலியா என்று அடுப்படியில் இருக்கிற என்னைக் கூப்பிடுவார், நானும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டு வம்பெல்லாம் சொல்லிக்கொண்டு நிற்பேன். அவர் என்ன செய்கிறார் என்று ஒரு நாள்கூடக் குனிந்து பார்க்கவில்லை, பேச்சுத் துணைக்குக் கூப்பிடுகிறார் என்றே முப்பது வருஷமும் நினைத்திருந்தேன். அதைச் சொல்லி என்னையே திட்டிக்கொண்டபோது குவால்தியேரோ சொன்னான், "வண்டிய நிமித்தற ஸ்டாண்டு அப்பவே இங்க கெடந்துச்சு அண்ணி. அவர்தான் அத எடுக்க விடமாட்டாரு." அழுதேன். ஆயில் கையால் கண்ணைத் துடைத்து, கண் எரிந்து, இன்னொரு தடவை அழுதேன்.

அதன் பிறகு ஃபாயென்சாவில் முறையாக சர்வீஸ் ஆகிவிட்டது, முத்திரை குத்திக் கொடுத்தார்கள், அங்கே இருந்த பெண் என் கதையைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். புத்தகம் முழுவதையும் படித்துவிட்டேன், காபிக் கறை விழுந்த பக்கம்தான் ஆயில் அளவு பார்க்கிற பக்கம். உங்கள் காரிலும் சமதரையில் நிறுத்தித்தான் ஆயில் பார்க்க வேண்டும் என்று மாப்பிள்ளையிடம் சொல். அங்கே குளிர் தொடங்குகிறதாமே, நான் பின்னி அனுப்பிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொள், நிறம் பிடிக்கவில்லை என்றால் உள்ளே போட்டுக்கொள்.

விழவில்லையே என்று உன்னிடம் வாதாடிப் பார்க்கலாம் என்று மூன்று வாரம் யோசித்தேன். விழுந்தால் என்று நீ சொல்லவில்லை, ஆபத்து வந்தால் என்றாய், நானும் சரி என்றேன். வண்டி இப்போது துணி போர்த்தி நிற்கிறது, நீ சொல்லும்வரை தொட மாட்டேன். உனக்கும் மாப்பிள்ளைக்கும் நல்ல ஆரோக்கியமும் நல்ல தூக்கமும் ஆண்டவர் தரட்டும், உன் அப்பா அங்கிருந்து பார்த்துக்கொள்ளட்டும்.

மறந்துவிடாதே, இந்தத் தாளின் பின்பக்கம் வண்டியின் இரண்டாவது சாவியை ஒட்டியிருக்கிறேன். இரண்டு சாவியும் இல்லாமல் இங்கே எவனும் வண்டி வாங்க மாட்டான். விற்கச் சொல்கிறாய் என்றால் தபாலில் திருப்பி அனுப்பு, காரணம் எழுத வேண்டாம், சாவி வந்த அன்றே விற்றுவிடுவேன், முகம் தூக்க மாட்டேன். விற்க வேண்டாம் என்றால் தபாலில் அனுப்பாதே, நீயே கொண்டு வா. நீ வந்து நாலு வருஷம் ஆகிறது.

இப்படிக்கு,
உன் முட்டாள் அம்மா
எர்சிலியா