கை கொடுக்காத வியாழன்

மார்ச் 3, திங்கள்

தவக்கால நோன்பின் இரண்டாம் வாரம். காலையில் அவித்த மொச்சையும் எலுமிச்சையும். கோயில் மருந்தகத்தில் தாசோனியை, அதாவது கோயில் சகோதரியான என்னை, பார்க்கப் பதினேழு பேர், பதினேழு பேருக்கும் இருமல். ஆற்றின் கிழக்குக் கரையில் சுண்ணாம்புக்கல் அறுக்கிறவர்கள் வேறு எதைத்தான் இருமுவார்கள்.

பதினோரு மணிக்கு அயாதைத் தூக்கி வந்தார்கள். குவாரி ரம்பம். வலது கையில் மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை. இறுக்கிக் கட்டினேன். முகமெல்லாம் வெள்ளைத் தூசி. "தாசோனி, கை எங்க கிடக்குன்னு யாராச்சும் பார்த்தாங்களா?" என்று கேட்டான்.

மின்யா நகர ஆஸ்பத்திரிக்கு எங்கே, எப்படி அடிபட்டது என்று சீட்டு எழுதித் தர வேண்டும். அயாதை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பேனாவை எடுத்தபோது எங்கள் பாதிரியார் அபூனா ஹெட்ரா வந்து நின்றார். அவருக்குப் பின்னால் குவாரி முதலாளி நாஷித்தின் மேஸ்திரி.

"குவாரின்னு எழுதாதேம்மா ஃபீபி. போலீஸ் வரும், பூட்டிருவாங்க. நாப்பது வீட்டுல அடுப்பு எரியாது. அயாதை முகத்தஸ் பார்த்துக்குவார்."

எருசலேம் போய் வந்தவர் என்பதால் நாஷித்தை முகத்தஸ், புனிதர், என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். புனிதர் பார்த்துக்கொள்வார்.

எழுதினேன். "வீட்டில், தீவனம் வெட்டும் மெஷினில்." என் கையெழுத்து அழகானது என்று ஊரில் பேர்.

மார்ச் 9, ஞாயிறு

ஒருவரையொருவர் வாழ்த்துங்கள் என்று பூசையில் டீக்கன் கூப்பிட்டதும், பக்கத்தில் நின்ற அயாதின் மனைவி தெம்யானா என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தொட்ட விரல்களைத் தன் உதட்டில் வைத்தாள். "நீங்க இல்லன்னா அவரு ரத்தம் போயே செத்திருப்பாரு தாசோனி." முன்வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்து உஷ் என்றார்கள்.

நன்மை அப்பம் வாங்கினேன்.

மார்ச் 23

முகத்தஸ் கோயிலுக்குப் புதுச் சரவிளக்கு கொடுத்திருக்கிறார். அயாதுக்கு ஒரு மூட்டை அரிசி.

ஏப்ரல் 2, புதன்

கட்டு மாற்ற அயாத் வந்தான், தெம்யானாவும் கூட. தொழிலாளர் அலுவலகத்தில் இழப்பீடு கிடையாது என்கிறார்களாம். சீட்டிலேயே வீட்டில் நடந்தது என்று இருக்கிறதாம். பதினேழாம் தேதி கடைசி விசாரணை.

"எங்க வீட்டுல ஒரு ஆடுகூட இல்ல. யாருக்குத் தீவனம் வெட்டுனாரு இவரு, எனக்கா? ஆஸ்பத்திரில எவனோ படிக்காத பய எழுதியிருக்கான்."

அயாத் சிரித்தான். அவனுக்கும் வாசிக்கத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. நான் பஞ்சைத் தேடுகிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பிள்ளைகளுக்கு இன்று வேதப் பாடம், நாபோத்தின் திராட்சைத் தோட்டம். ராஜா ஆசைப்பட்ட நிலத்துக்காக ராணி பொய்க் கடிதம் அனுப்பி ஒரு குடியானவனைத் தொலைத்த கதை. கடிதம் வரும் இடத்தில் நிறுத்திவிட்டுப் பாட்டுக்குப் போய்விட்டேன்.

ராணி சொன்னாள், சரி. உட்கார்ந்து எழுதியது யார்?

ஏப்ரல் 8

பாவசங்கீர்த்தனம். அபூனாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, விசாரணைக்குப் போய் உண்மையைச் சொல்லலாமா என்று கேட்டேன்.

"மருந்தகத்துக்குக் கூரை போட்டது யாரு?"

"முகத்தஸ்."

"அப்புறம்? நாம கிறிஸ்தவங்க இங்க கொஞ்சப் பேரு மகளே. நம்ம ஆளு ஒருத்தரை நாமளே கொண்டுபோய் அதிகாரி முன்னாடி நிறுத்துறதா? ஜெபம் பண்ணு. பொறு."

அவர் கெட்டவர் இல்லை. போன வருஷக் காய்ச்சலில் வீடு வீடாகத் தண்ணீர் சுமந்தவர். கெட்டவராக இருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டம் இல்லை. ஆனால் பொறுக்கச் சொல்வது யாரை? அயாதைத்தானே. நான் எதைப் பொறுக்கிறேன் — கூரைக்குக் கீழே சம்பளம் வாங்குகிறேன்.

ஏப்ரல் 13

குருத்தோலை ஞாயிறு. சிலுவை பின்ன உட்கார்ந்தேன். மூன்று தடவை அவிழ்ந்தது.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

யூதாஸ் முத்தமிட்டுக் காட்டிக்கொடுத்த நாள் என்பதால் நேற்றிலிருந்து நாங்கள் யாரும் யாருக்கும் கை கொடுப்பதில்லை. இன்று பூசையிலும் அந்த வாழ்த்து கிடையாது. காலையில் எழுந்ததும் எனக்குத் தோன்றியது: அப்பாடா, இன்று யார் கையையும் பிடிக்க வேண்டாம்.

கோயில் படியில்தான் உறைத்தது. இந்த வழக்கத்தில் எனக்கு என்ன நிம்மதி? அடிப்பாவி, நீ யாருடைய இடத்தில் நின்று மூச்சு விடுகிறாய்?

உள்ளே அபூனா, ஆண்டவர் சீடர்களுக்குச் செய்ததுபோல, ஊராரின் கால் கழுவத் தொடங்கியிருந்தார். முகத்தஸின் காலை முட்டிபோட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து வெளியே நடந்தேன். வருஷத்தில் இந்த ஒரு நாள் நன்மையை நான் தவறவிட்டதேயில்லை. அபூனா நிமிர்ந்து பார்த்தார், துண்டு கையிலேயே இருந்தது.

பிக்கப் வண்டியில் மின்யா, தொழிலாளர் அலுவலகம். அதிகாரி கேட்டார், "நீங்க யாரு?"

"இந்தச் சீட்டை எழுதினவ."

"பொய்னு தெரிஞ்சா எழுதினீங்க?"

"தெரிஞ்சுதான்."

தெம்யானா திரும்பி என்னைப் பார்த்தாள். அதை எழுத எனக்கு வராது.

ஏப்ரல் 20, உயிர்ப்பு ஞாயிறு

மருந்தகச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். பூசையில் கையை நீட்டினேன். தெம்யானா தன் கைகளைச் சால்வைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 24

ஆய்வு என்று குவாரியைப் பூட்டிவிட்டார்கள். அபூனா சொன்னது நடந்தது. ரொட்டி அடுப்பருகில் நான் போனதும் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி மட்டும், "சாட்சி சொன்ன வாயால என் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுவீங்களா தாசோனி?" என்றாள். ரம்பத்துக்கு மூடி போடும் வரை திறக்க விடமாட்டோம் என்று அதிகாரி சொன்னதைச் சொல்லியிருக்கலாம். பசிக்கிறவளிடம் அதை எப்படிச் சொல்வது?

திரும்பவும் அப்படித்தான் செய்வேனா? செய்வேன். பயந்துகொண்டேதான்.

ஏப்ரல் 29, செவ்வாய்

மதியம் என் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அயாத், பின்னால் தெம்யானா. கட்டு மாற்ற வேண்டும். அத்துடன், வாயால் சொன்னது போதாது, திருத்திய சீட்டு வேண்டும் என்று அதிகாரி சொல்லி அனுப்பியிருக்கிறார்.

முதலில் கட்டை மாற்றினேன். புண் நன்றாக ஆறுகிறது. பிறகு தாளை எடுத்து உட்கார்ந்தேன். அயாத் எதிரே குந்தினான்.

"இந்தத் தடவை எனக்கு எங்க அடிபட்டுச்சு, தாசோனி?"

எழுதினேன், சத்தமாகப் படித்தேன். நாஷித் குவாரியில், மூடியில்லாத ரம்பத்தில், வலது கை. கீழே என் பெயர்.

தெம்யானா நன்றி சொல்லவில்லை. பக்கத்தில் வந்து தாளின் மேல் குனிந்தாள்.

"இதுல குவாரிங்கிறது எது?"

காட்டினேன். அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டாள்.

"திரும்பப் படிங்க," என்றாள். படித்தேன்.