நக்கன் சேந்தன் வீடு திரும்பும் பொருட்டு

மழை தவறாத வெண்கரையும், அலை ஓயாத நெடுந்திடலும், இரண்டுக்கும் நடுவே கிடக்கும் நாற்பது நாள் கடலும் நலமாய் இருக்க. வெண்கரைக் கோமான் நெடுவேற்கோ அரியணை ஏறிய பதினேழாம் ஆண்டு, ஐப்பசித் திங்கள் மூன்றாம் நாள், அவர் திருவாணை பெற்று, முப்பத்து மூன்று இருக்கைப் பேரவையின் நாயகி நக்கன் பொதுவி எழுதுவிக்கும் ஓலை. நெடுந்திடல் பேரவைத் தலைவரும், மூன்று ஆற்று முகங்களுக்குக் காவலரும், எம் மதிப்புக்குரியவருமான ஆதிச்சன் பொழிலனார் திருமுன் இது சென்று சேர்க. உம் அவை நிறைந்திருக்க. உம் குடிகள் பசியறியாதிருக்க. இவ்வோலையைச் சுமந்து வரும் கப்பல் முழுதாய் உம் துறையை அடைந்திருக்க. கடைசி வாழ்த்தை யாம் வழக்கத்துக்காக எழுதவில்லை என்பது மேலே படிக்கப் படிக்க உமக்கு விளங்கும்.

உம் முன்னோர் எம் கரையிலிருந்து கப்பலேறிப் போனவர்கள் என்பதும், போன இடத்தில் எம் கோல் வேண்டாம் என்று வாளெடுத்தார்கள் என்பதும், இரு தரப்பும் களைத்த பிறகே உறவு கொண்டாடினோம் என்பதும் ஊரறிந்த கதை. அவ்வுறவு மறுபடி அறுந்து போகாதிருக்க ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பெரியவர்கள் ஓர் ஏற்பாடு செய்தார்கள். சட்டம் செய்யும் இரு பேரவைகளும் ஆண்டுக்கு ஓர் உறுப்பினரை மாற்றிக்கொள்வது. எம்மவர் உம் அவையிலும் உம்மவர் எம் அவையிலும் ஆறு திங்கள் அமர்ந்து, ஒருவர் வழக்காடும் விதத்தை மற்றவர் கண்டு பழகுவது. வந்தவர் போனவரின் இருக்கையில் அமர்வார். காலையில் பேர் அழைக்கும்போது போனவரின் பேருக்கு ‘உளேன்’ என்று மறுமொழி சொல்வார். வாக்கோலை எழுதிக் குடத்தில் இடும் உரிமை மட்டும் அவருக்கு இல்லை.

புறப்படும் முன் அவர் உரைக்கும் சூள் உமக்குத் தெரியும். இரண்டு அவையிலும் எனக்கு இருக்கை உண்டு, எந்த அவை அழைத்தாலும் இருப்பேன், விருந்தளித்த அவை விடை தரும்வரை நீங்கேன் என்பது அது. கேட்க அழகாய் இருந்ததால் ஐம்பது ஆண்டுகளாக எல்லாரும் உரைத்தார்கள். ஒருவரும் அதை நினைத்துப் பார்க்கவில்லை. இத்தனை இனிப்புக்கு நடுவே ஒரு கசப்பும் உண்டு. எம்மவர் திரும்பி வந்து எம் அவையில் பேருக்கு மறுமொழி சொன்ன பிறகே உம்மவர் கப்பலேறலாம். அந்த நிபந்தனையை வைத்தவர்கள் எம் பெரியவர்கள். விருந்து என்று பேர் வைத்துப் பிணை வாங்கியிருக்கிறார்கள் என்பதை ஒளிக்காமல் எழுதுகிறோம்.

இவ்வாண்டு எம் பக்கமிருந்து புறப்பட்டவன் நக்கன் சேந்தன், எம் உடன்பிறந்த தம்பி. உம் பக்கமிருந்து வந்தவன் அரையன் கண்டன். இனி இவ்வோலை சொல்வது கண்டனின் கதை. அவன் சூளுரைத்து எம்மிடம் சொன்னதை யாம் கண்டதோடு சேர்த்து எழுதுவிக்கிறோம்.

சித்திரைக் கடைசியில் கண்டன் எம் துறையில் இறங்கினான். உரத்த குரல், ஓயாத சிரிப்பு, உட்கார்ந்தால் காலை நீட்டிக்கொள்ளும் பழக்கம். உம் அவையில் பிறைவடிவாய் அமர்ந்து பழகியவனுக்கு, இரு வரிசையாய் எதிரெதிரே அமர்ந்து முறைத்துக்கொள்ளும் எம் அவை பெரும் வேடிக்கையாய் இருந்தது. தம்பியின் இருக்கையில் அமர்ந்தவன் என்ற உரிமையில் எம்மை அக்கை என்றே அழைத்தான். அவன் மனைவி நல்லமங்கை நிறைசூலியாய் இருக்கும்போது புறப்பட்டு வந்திருந்தான். பிறந்த குழந்தையின் காதில் தகப்பன் வாய்திறந்து சொன்னாலொழிய அதற்குப் பேர் இல்லை என்பது உம் நாட்டு வழக்காமே. பேரைத் தேர்ந்து வைத்துவிட்டதாகவும், யாரிடமும் சொல்லக்கூடாதென்றும் சொல்லிச் சிரித்தான்.

வைகாசி முதல் நாள் அவை கூடியது. வழக்கப்படி சேந்தனின் மேலாடை அந்த இருக்கையின் மீது மடித்துப் போடப்பட்டிருந்தது. கண்டன் அதன் மேல் சாய்ந்தபோது முதுகு நனைந்தது. துவைத்தவர்கள் காயவைக்க மறந்தார்கள் என்று நினைத்துக்கொண்டான். பேர் அழைப்பு அவன் வரிசைக்கு வந்தது. நக்கன் சேந்தன் என்று அழைத்தார்கள். கண்டன் வாயைத் திறந்தான். திறப்பதற்கு முன்பே அவன் தோளுக்குப் பின்னாலிருந்து ‘உளேன்’ என்ற சொல் வந்துவிட்டது.

திரும்பிப் பார்த்தான். சுவர்தான் இருந்தது. எதிர் வரிசையினரோ, வந்த முதல் நாளே எம் நாட்டு ஒலிப்பை இப்படிப் பிடித்துக்கொண்டானே என்று அவனை மெச்சித் தலையசைத்தார்கள். விருந்துக்குப் போன வீட்டில் குறை சொல்வது முறையல்ல என்று கண்டன் வாயை மூடிக்கொண்டான். மறுநாளும் அதேதான் நடந்தது. பதினோராம் நாளிலிருந்து அவன் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டான். சிரிப்பும் குறைந்தது. உண்ண உட்கார்ந்தால் சோறு கரிக்கிறது என்று இலையைத் தள்ளினான். வீட்டு நினைவு போலும் என்று எம்மவர் தமக்குள் பேசிக்கொண்டார்கள்.

பொழிலனாரே, அவன் ஏன் பேசாதிருந்தான் என்று கேட்க எமக்கு வாயில்லை. முதல் நாள் அந்தச் சொல் காதில் விழுந்தபோதே அது எவர் குரல் என்று எமக்குத் தெரிந்துவிட்டது. தொட்டிலிலிருந்து கேட்டு வளர்ந்த குரல் அக்காளுக்குத் தெரியாமல் போகுமா? தெரிந்தும் நாயகியின் இருக்கையில் கல்லாய் உட்கார்ந்திருந்தோம். கேட்டுவிட்டால் அது நின்றுவிடுமோ என்ற அச்சம். ஒவ்வொரு காலையும் அந்த ஒரு சொல்லுக்காகவே அவைக்கு வந்தோம் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறோம்.

ஆடித் திங்களில் உம் ஓலை வந்தது. எம் உறுப்பினர் நலமாய் வந்து சேர்ந்தார் என்று எழுதியிருந்தீர். அவர் வந்த கப்பல் உம் துறையில் காணப்படவில்லையாம். வேறு கழியில் ஒதுங்கியிருக்கும் என எண்ணினீராம். கடற்கரையிலிருந்து தனியே நடந்து வந்து அவையில் அமர்ந்தாராம். பேர் அழைப்பில் ஒரு நாளும் தவறுவதில்லை. மற்றபடி பேசுவதில்லை, உண்பதில்லை. அவர் காலடியில் தரை நனைந்தபடியே இருப்பதால் துடைக்க ஓர் ஏவலரை வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தீர். உம் நாட்டார் எதற்கும் அலட்டிக்கொள்ளாதவர்கள் என்பது தெரிந்ததே. அவ்வோலையின் கடைசி வரியில், கண்டனுக்குப் பெண் பிறந்திருக்கிறாள், இன்னும் பேரில்லை என்ற செய்தி இருந்தது. அதைக் கேட்டுக் கண்டன் அவையென்றும் பாராமல் அழுதான்.

ஆவணியில் மருதன் உதியன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தான். எதிர் வரிசையின் முதல்வன். நாக்கில் மிளகு தடவிக்கொண்டு பிறந்தவன். கப்பலேறிப் போய் விருந்து தின்று வருவதற்கு ஓர் உடன்படிக்கையா, இந்த இருக்கை மாற்றத்தை இன்றோடு நிறுத்துக என்றான். சேந்தன் நீங்கலாக முப்பத்திரண்டு பேரும் அவரவர் பேரோடு இசைவு அல்லது மறுப்பு என்று எழுதிக் குடத்தில் இட்டோம். குடத்தைக் கவிழ்த்து எண்ணினால் ஓலை முப்பத்து மூன்று. இசைவு பதினாறு, மறுப்பு பதினேழு. பதினேழாவது ஓலை நனைந்திருந்தது. நக்கன் சேந்தன், மறுப்பு என்று அதில் இருந்தது. எழுத்தாணியை அழுத்தி ஓலையைக் கிழித்துவிடும் அவன் பழக்கமும் அதில் அப்படியே இருந்தது. உதியன் அதைக் கையில் வாங்கி, விரலை நாக்கில் வைத்துப் பார்த்து, உப்பு என்று சொல்லிக் கீழே வைத்தான்.

அப்போதுதான் கண்டன் எழுந்தான். நான்கு திங்களாய்ப் பேருக்கு மறுமொழி சொன்னவன் தான் அல்லன் என்றான். அவை இரைந்தது, மனம் கலங்கிவிட்டான் என்றார் சிலர், சூது என்றார் சிலர். யாம் கண்டனை முற்றத்துக்கு அப்பால் புன்னை மரத்தடிக்கு அனுப்பி, பக்கத்தில் இரு காவலரையும் நிறுத்தினோம். நடுப்பகல் வெயில் அவைக்குள் விழுந்திருந்தது. இருக்கையில் மேலாடை தவிர ஒன்றுமில்லை. பேரை அழைக்கச் சொன்னோம். ‘உளேன்’ என்றது. முப்பத்திரண்டு பேரும் கேட்டார்கள்.

அவை முறையை அன்று மீறினோம். எழுந்து நின்று, வீட்டில் அழைப்பதுபோல், சேந்தா என்று அழைத்தோம். பிறகு மேலாடையிலிருந்து தண்ணீர் சொட்டும் ஓசையோடு, இருக்கிறேன் அக்கை, இரண்டு இடத்திலும் இருக்கிறேன், களைப்பாயிருக்கிறது, எனக்கு எப்போது விடை தருவார்கள் என்று கேட்டான்.

மூன்றாம் நாள் எம் தென்முனைப் பாறைகளில் ஒரு பலகை ஒதுங்கியது. சேந்தன் ஏறிய கப்பலின் முகப்புப் பலகை. அதில் செதுக்கிய அன்னத்தின் கழுத்து மட்டும் உடையாமல் இருந்தது. எம் கரையைவிட்டு ஒரு நாள் தொலைவுகூட அவன் போகவில்லை என்று மீகாமர் நீரோட்டம் பார்த்துச் சொன்னார்கள். மிச்சம் முப்பத்தொன்பது நாள் வழியையும் எப்படிக் கடந்து உம் அவைக்கு வந்தான் என்பதை யாம் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணத் தொடங்கினால் உறக்கம் போய்விடுகிறது.

கண்டனுக்கு அன்று விளங்கியது எமக்கு அவ்வளவு விரைவில் விளங்கவில்லை. போனவன் திரும்பாமல் வந்தவன் போகலாகாது. போனவனோ இனித் திரும்பமாட்டான். அவன் எம் காலடியில் அமர்ந்து, அக்கை, உன் தம்பிக்காக நானும் அழுகிறேன், ஆனால் என் மகளை எல்லாரும் ‘ஏ’ என்றல்லவா கூப்பிடுவார்கள் என்றான். ஆயினும் நிபந்தனையை மாற்ற நாயகிக்கு உரிமை இல்லை.

வழி கண்டவன் உதியன். எவனை எதிரியென்று நினைத்தோமோ அவனே எழுந்து சட்டத்தைப் படித்தான். எம் அவையில் பேருக்கு மறுமொழி சொன்னவன் வந்தவனாவான் என்றுதான் எழுதியிருக்கிறது, உயிரோடு வரவேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டான். நக்கன் சேந்தன் திரும்பி வந்தான் என்றும், அரையன் கண்டன் போகலாம் என்றும் அவை ஒரு மனதாய்த் தீர்த்தது. முப்பத்து மூன்று மனம் என்று சொல்லலாம். குடத்தில் அத்தனை ஓலை இருந்தன. அன்று மாலை உதியன் தனியே வந்து எம் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனும் சேந்தனும் இருபது ஆண்டு ஒருவரையொருவர் ஏசிக்கொண்டவர்கள்.

ஆகவே இவ்வோலையோடு கண்டனை அனுப்புகிறோம். பேர் அழைப்பு நேரத்தில் அவன் உம் அவைக்குள் நுழைய நேர்ந்தால், அவனுக்கு முன்பே அவன் பேருக்கு எம் தம்பி மறுமொழி சொல்லிவிடுவான். அது விருந்தினன் கடமை என்று நினைப்பான். தன் வீட்டிலேயே பேரிழந்து நின்றவன் மகளுக்கு எந்தப் பேரைச் சொல்வான்? அதனால் கோமான் ஆணையாகவும் ஓர் அக்காளின் வேண்டுகோளாகவும் எழுதுகிறோம். அன்று பேர் அழைக்க வேண்டாம். கண்டனை வாயிலில் நிறுத்தும். அவையோர் அனைவரும் எழுந்து நிற்க, நீவிர் அந்த இருக்கைக்கு நேரே சென்று, உயிருள்ள விருந்தினனுக்குச் சொல்வதுபோலவே, நக்கன் சேந்தனே, உன் முறை நிறைந்தது, எம் கதவு திறந்திருக்கிறது, வீடு போய்ச் சேர் என்று சொல்லி விடை தரும். தரை காய்ந்த பிறகு கண்டனை அமரச் செய்யும். முதலில் அவன் பேரை அவனே ஏற்கட்டும். பிறகு மகளிடம் போகட்டும்.

நீவிர் விடை தந்த பிறகு எம் அவையில் பேர் அழைக்கும்போது என்ன நேரும் என்பதை அறியோம். அந்த இருக்கையிலிருந்து ஒன்றும் வராது என்றே நினைக்கிறோம். அதற்காக வருந்தமாட்டோம் என்று எழுதினால் பொய். ஆனாலும் விடை தரும். அவன் களைத்திருக்கிறான்.

அடுத்த ஆண்டு எம் பக்கமிருந்து மருதன் உதியன் புறப்படுவான். தானே கேட்டு வாங்கிக்கொண்டான். சூளின் சொற்களை மட்டும் இனி இரு அவைகளும் பார்த்து எழுதுவோம்.

கோமானின் வலம்புரி முத்திரை இட்டு, அவையோர் முன் படித்து, முப்பத்திரண்டு பேரும் ஓரத்தில் ஆளுக்கொரு கீறல் இட்டு முடித்த ஓலை. பொழிலனார் கீறல்களை எண்ணிப் பார்க்கும்போது முப்பத்து மூன்று இருக்கும். ஓலையைக் கிழித்துவிடும் அளவுக்கு அழுத்திய கடைசிக் கீறல் ஈரமாய் இருந்தால், கடல்நீர் பட்டுவிட்டதென்று வெயிலில் காயவைக்க வேண்டாம். தனக்கும் சம்மதம் என்று அவன் இட்டது.