கோமளாவின் சீரில் ஆறு ஸ்பூன்

மாசி 4, திங்கள்

காலையிலேயே வெயில் சுள்ளென்று. வந்த கொலுசுகளை எடை போட்டுச் சீட்டு ஒட்டியதில் மதியம் ஆகிவிட்டது. சீட்டில் இனி தெலுங்கும் வேண்டுமாம், முதலாளி உத்தரவு. என் தெலுங்கு எழுத்து கோழி கிளறியது போல.

திருப்பதியிலிருந்து தங்கை கோமளாவின் கடிதம். கல்யாணமாகிப் போய் ஆறு மாதம். இப்போது நாலு மாசம் முழுகாமல் இருக்கிறாள். விருந்தாளி வருகிறார்கள் என்று அவள் மாமியார் சீர் ஸ்பூன்களை எடுத்து விபூதி போட்டுத் தேய்த்தாராம். ஒன்றின் முதுகு பல்லிளித்துவிட்டது. மஞ்சள். "உங்கண்ணன் வெள்ளிக்கடைல தான வேலை செய்றான், அவனுக்குத் தெரியாதா?" என்று கேட்டாராம்.

கோமளா எழுதுகிறாள்: 'எங்க அண்ணன் வாங்கினது பொய்யா இருக்காதுன்னு சொல்லிட்டேன். நீ கவலைப்படாதே.'

ஆறும் பித்தளை. மேலே வெள்ளி முலாம். பட்டணத்தில் வாங்கியவன் நான். தெரிந்தே வாங்கினேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மாசி 5, செவ்வாய்

கடையில் நாள் முழுக்க ஆந்திரா-மதராஸ் எல்லைப் பேச்சு. "திருத்தணி அந்தப் பக்கம் பூடுமாம்பா." "அப்ப நம்ம சித்தூரு?" எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை.

ஒரு அம்மாள் பழைய ஸ்பூன் ஒன்றைக் கொண்டுவந்து வெள்ளியா என்றாள். எங்கள் ஆசாரி எப்போதும்போல: கையில் தூக்கிப் பார்த்தார் (வெள்ளி என்றால் கனம் தெரியும்). கல்லில் தட்டிக் கேட்டார். பிறகு முதுகைத் திருப்பினார். தட்டில் படுகிற இடம் அதுதான், முலாம் முதலில் அங்கேதான் போகும். சந்தேகம் தீராமல் காம்பில் அரத்தால் ஒரு கீறல், அதில் ஒரு சொட்டுத் திராவகம். வெள்ளியானால் உப்புத் தண்ணீர் விட்டதும் தயிர் மாதிரி வெள்ளையாகத் திரியும். பித்தளை பச்சையாகப் பொங்கும்.

பச்சையாகப் பொங்கியது. அம்மாளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன்.

ஏன் செய்தேன்? தட்டு, டம்ளர், குங்குமச் சிமிழ் எல்லாம் அசல் வெள்ளி. கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, மாப்பிள்ளையின் ஆபீஸ்காரர்கள் வந்து போகிற வீடு, ஆறு வெள்ளி ஸ்பூனும் வேண்டும் என்றார்கள் சம்பந்தி வீட்டார். கையில் ஒன்றும் மிச்சமில்லை. ஸ்பூனை யார் உரைத்துப் பார்க்கப்போகிறார்கள், தீபாவளிக்குள் மாற்றி வைத்துவிடலாம் என்று நினைத்தேன். தீபாவளி வந்தது, போயிற்று. சபையில் சீர்ப்பட்டியல் வாசித்தபோது 'வெள்ளி ஸ்பூன் ஆறு' என்று உரக்கப் படித்தவனும் நானே. வெட்கங்கெட்டவன்.

மாசி 6, புதன்

அம்மாவுக்கு இருமல். கஷாயம். சவரம் செய்யவில்லை.

நகரியிலிருந்து எங்கள் ஊருக்கும் திருப்பதிக்கும் சேலை கொண்டுபோகிறவர் கடைக்கு வந்தார். கோமளா வீட்டுக்கும் போயிருக்கிறார்.

"மாமியாரம்மா ஸ்பூன ஆசாரிகிட்ட குடுத்து உரைக்கலாம்னு நின்னுக்கினு இருந்தாங்கபா. உன் தங்கச்சி, வேணாம், வெள்ளிக்கிழம கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்றேன்னு சொல்லிட்ச்சு. அந்த வூட்ல அதுக்கு மேல பேச்சே கெடையாது."

உண்மைதான். ஏழுமலையான் படத்துக்கு முன்னால் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சொல்லிவிட்டால், பிறகு உரைத்துப் பார்ப்பது சாமியையே சந்தேகப்படுவது அவர்களுக்கு.

பிள்ளைத்தாய்ச்சி. என்னை நம்பிப் பொய்ச்சத்தியம் செய்யப்போகிறாள்.

வெள்ளி காலை முதல் பஸ். மாமியார் காலில் விழுந்தாவது சொல்லிவிட வேண்டும்.

மாசி 8, வெள்ளி

முதல் பஸ்ஸை விட்டுவிட்டேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், பஸ் என் கண்ணெதிரே கிளம்பிப் போயிற்று. பயம், வேறொன்றுமில்லை. அடுத்ததில் போய்ச் சேரும்போது பதினொன்று.

முடிந்துவிட்டது.

மாமியார் வாசலுக்கே வந்தார். "வாப்பா வா. நாந்தான் தப்பா நெனச்சுக்கினு இருந்தேன். அது மஞ்சக்கறை போல கீது. மனசுல வெச்சுக்காத." பாயசம் கொடுத்தார். அதே ஸ்பூன். கிண்ணத்தைக் கீழே வைத்தேன். "அத்தை, ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தேன். "அண்ணா, சக்கரை போதுமா?" என்று கோமளா குறுக்கே வந்துவிட்டாள்.

கொல்லையில் கை கழுவத் தண்ணீர் ஊற்றினாள்.

"எனக்குத் தெரியும்ணா. வந்த அன்னிக்கே தூக்கிப் பாத்தேன், கனமே இல்ல. கடைக்கு உனக்கு சோறு எடுத்தாறப்ப ஆசாரி செய்றத எத்தன வாட்டி பாத்திருப்பேன்? யாரும் தேய்க்கக் கூடாதுன்னு பொட்டி அடியில சுத்தி வெச்சிருந்தேன்."

"தெரிஞ்சேவா சத்தியம் பண்ண?"

"உன்ன திருடன்னு சொல்லிட்டா அப்புறம் நான் இந்த வூட்ல எப்டி குந்திக்கினு துன்றது?"

"இப்பவே போய் சொல்லிடறேன்."

"சொல்லு. அப்ப சாமி எதுர்ல பொய் சொன்னவ நானு."

செம்பைக் கீழே வைத்தாள். வலது உள்ளங்கையில் கொப்புளம். கற்றாழை தடவச் சொன்னேன். மூன்று மணி பஸ்ஸில் வந்துவிட்டேன்.