துண்டு விரித்த நாற்காலி

ஞாயிறு, இரவு.

தம்பியை இன்று எடுத்தோம். ஆவடியில் தியேட்டர் வாசலில் நடிகரின் கட்அவுட்டுக்கு மாலை போட ஏறியவன், நேற்று சாரம் சரிந்து விழுந்து செத்துப்போனான்.

அம்மா எடுக்கவே விடவில்லை. பந்தலில் ஒரு நாற்காலியைத் துடைத்து, புதுத் துண்டு விரித்து வைத்தாள். மாமா அதில் உட்காரப் போனார்.

"அதுல குந்தாத. அவரு வருவாரு. எம்புள்ள அவருக்காவ தான ஏறினான்? வராம பூடுவாரா?"

ரசிகர் மன்றத்துப் பையன்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மாலைவரை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு காத்திருந்தோம். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"அவருக்கு இவன் பேருகூடத் தெரியாதும்மா" என்றேன்.

அம்மா என்னை யாரோ மாதிரி பார்த்தாள்.

சுடுகாட்டிலிருந்து திரும்பியபோது பந்தல்காரர்கள் நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த ஒன்றை மட்டும் அம்மா கொடுக்கவில்லை.

"இன்னிக்கு இன்னா வேலையோ அவருக்கு. கருமாதிக்கு வருவாரு."

சரி என்றேன்.

நாற்காலி வாசலிலேயே கிடக்கிறது. இப்போது தெருவில் ஒரு கார் வந்து நின்றது. பேனாவை வைத்துவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன்.

எதிர்வீட்டுக்கு வந்த கார்.