பெயர் வைத்த துணி

சனிக்கிழமை, 14 ஜூன் 1975

நித்திரை வரவே மாட்டேன் என்கிறது.

எதிர் அப்பார்ட்மென்டில் இருக்கும் அமா, கானாவிலிருந்து துணி வரவழைத்து விற்கிறாள். இன்று பார்க்டேல் தேவாலய மண்டபத்தில் அவள் கடை போட்டாள். உதவப் போனேன். நீலத்தில் மஞ்சள் செருப்புகள் அச்சிட்ட துணியை மட்டும் ஒருவரும் தொடவில்லை.

"பேரில்லாத துணி விலைப்படாது. எங்கட சந்தையில யாவாரம் செய்யிற பொம்பிளையள்தான் பேர் வைக்கிறது. நீ வை," என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

வீட்டில் என் கணவரிடம் சொல்லாமல் போயிருந்தேன். அந்தச் செருப்புகளைப் பார்த்ததும் வாயில் வந்துவிட்டது: "மனுசனைக் கேளாமல் வந்தனான்."

அமா மேசையில் அடித்துச் சிரித்தாள். அதையே கூவி விற்றாள். அவள் ஊர்ப் பெண்கள் சிரித்துச் சிரித்து ஆளுக்கொரு துண்டு வாங்கினார்கள். மூன்று மணிக்கெல்லாம் துணி முடிந்தது!

"இனி நாங்கள் ரெண்டுபேரும் கூட்டு," என்றாள்.

வீட்டுக்கு வந்து அவரிடம் எல்லாம் சொன்னேன். வாற சனியும் போறன் என்றேன்.

"என்னை ஒரு சொல்லுக் கேட்டனீரே?" என்றார்.

சிரிப்பை அடக்க முடியவில்லை. அவருக்குக் கோபம்.

அமாவிடம் பெயரில்லாத துணி இன்னும் ஒன்று இருக்கிறது. அதற்கும் பெயர் கிடைத்துவிட்டது: 'சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.'