லெகி நாள் சந்தை

இன்று காலை மருமகள் உன் ஊர்க் கருங்கல்லை வெந்நீர் ஊற்றிக் கழுவினாள். தட்டு மாதிரிப் பள்ளமான அந்தக் கல்லில் நான் மிளகாய் அரைத்து எத்தனையோ மாதமாகிறது. ஆனாலும் வெந்நீர் பட்டதும் உன் இறால் விழுதின் வாடை குப்பென்று கிளம்பி, இந்தப் புஜைரா பிளாட் முழுக்க நிறைந்துவிட்டது.

"என்ன மாமா இது, இப்படி நாறுது?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"நாத்தமில்ல தாயி, அது ஒரு ஆளு" என்றேன். பிறகு அவளையே உட்காரவைத்து இதை எழுதச் சொல்கிறேன். எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியாததா?

கேம்ப் மெஸ்ஸில் பதினெட்டு வருடம் ஒரே அடுப்படியில் நின்றோம். நீ என்னை அண்ணே என்பாய். நான் உன்னை மாஸ் என்பேன். ஜாவாவில் அண்ணனுக்கு அதுதான் சொல். நம்மில் யார் மூத்தவன் என்பதைக் கடைசிவரை தீர்க்கவே இல்லை.

பதினோரு வருடமாக ஊருக்குப் போகாமல் இருந்ததன் காரணத்தை என்னிடம் மட்டும்தான் சொன்னாய். சந்தையில் மிளகாயும் வெங்காயமும் விற்கும் உன் அம்மா, தன்னோடு கடையில் வந்து உட்காரச் சொன்னாள். பொம்பளை வேலை எனக்கெதற்கு என்று கூடையை எட்டி உதைத்துவிட்டு விமானம் ஏறியவன் நீ. கடைசியில் லீவு போட்டபோது என்னையும் சேர்த்து இழுத்தாய்.

"பக்கத்துல ஆளு இருந்தா அம்மா கம்மியா திட்டும் அண்ணே" என்றாய், மெஸ்ஸில் கற்ற தமிழில். நேரே வீட்டுக்குப் போகலாமே என்று கேட்டேன். "வீட்டுக்குக் கதவு இருக்கு, சாத்திரும். சந்தைக்குக் கதவு மாஃபி, இல்லவே இல்ல."

உங்கள் சந்தைக்கு வாரக் கணக்கு கிடையாது. ஐந்து நாளுக்கு ஒருமுறை, லெகி என்கிற நாளில் கூடும். அதை விமானத்திலேயே எண்ணிப் பார்த்து வைத்திருந்தாய். விடியும்போது போய் இறங்கினால், ஓட்டுக் கொட்டகை காலி. நாலைந்து பேர்தான் இருந்தார்கள். உன் அம்மாவின் இடத்தில் கவிழ்த்த கூடை ஒன்று கிடந்தது. பக்கத்தில் தேங்காய் விற்ற அக்கா உன்னை அடையாளம் கண்டுகொண்டு சிரித்த சிரிப்பு இருக்கிறதே! நேற்றுத்தான் லெகி, அரபு நாட்டுக்குப் போனவனுக்கு நாள்கூட மறந்துபோச்சா என்று கேட்டாளாம். வெள்ளிக்கிழமை லீவு ஒன்றையே பார்த்துப் பார்த்து வாழ்ந்தவனுக்கு அம்மாவின் நாள் தவறிப்போயிருந்தது.

உன் முகம் செத்துவிட்டது. "கலாஸ் அண்ணே, முடிஞ்சுது. சகுனம் சரியில்ல. திரும்பிப் போயிரலாம்."

"இந்தக் காலிக் கொட்டகையப் பாக்கவா நான் விமானம் ஏறுனேன்? நாலு நாள்தானே, இரு மாஸ்" என்று பஸ் ஸ்டாண்டு லாட்ஜில் உன்னைப் பிடித்துவைத்தேன். அங்கேதான் என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி லெகி, பாஹிங், பொன், வாகே, கிளிவோன் என்று ஐந்து நாளையும் வரிசையாகச் சொல்லித் தந்தாய். இனி நீ தப்பாக எண்ணினால் நான் திருத்த வேண்டுமாம்.

லெகி அன்று அது வேறு ஊராக இருந்தது. வாழையிலைப் பொட்டலத்தில் ஆவி பறக்கும் சோறு, மூங்கில் கூடைக்குள் கோழிகள், கிராம்பு மணக்கும் சிகரெட் புகை. நீ தேங்காய்க் குவியலுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு என்னை முன்னே தள்ளினாய். உன் அம்மா மிளகாய்க்குப் பக்கத்தில் இரண்டு அரைகல்லும் வைத்திருந்தாள். ஒன்றைத் தொட்டுக் காட்டினேன். அவள் விரலால் விலை சொன்னாள். நான் விரலால் குறைத்தேன். கொடுத்த நோட்டை வாங்கி மிளகாய்மேல், வெங்காயத்தின்மேல், பூண்டின்மேல் தட்டித் தட்டி "லாரிஸ், லாரிஸ்" என்றாள். விற்றுப்போ, விற்றுப்போ என்று அர்த்தமாம். நம்மூரில் போணிக் காசைக் கண்ணில் ஒற்றுவோம். இவள் சரக்கில் ஒற்றுகிறாளே என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு என் மீசையையே பார்த்தபடி, தேங்காய்ப் பக்கம் திரும்பாமல் ஏதோ சொன்னாள். குவியலுக்குப் பின்னால் நீ விம்மினாய். அவள் சொன்னதை நீ அப்புறம்தான் எனக்கு விளக்கினாய்.

"மீசைக்காரன் ஒருத்தனோட வந்தியாமே, தேங்காய்க்காரி அன்னைக்கே வந்து சொல்லிட்டா. மூணு நாளா இந்த வெறுஞ்சந்தையில உக்காந்திருக்கேன். வெளிய வா, வெங்காயத்தப் பிடி."

அவ்வளவுதான் திட்டு. நீ வந்து அவள் பக்கத்தில் சம்மணம் போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் வெங்காயம் அள்ளிப் போட்டாய். நான் கல்லை மடியில் வைத்துக்கொண்டு மத்தியானம்வரை பார்த்திருந்தேன்.

பின்னால் வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு போன நீ, அம்மாவுக்குப் பிறகு அந்த இடத்திலேயே உட்கார்ந்தாயாம். உன் மகள் போனில் சொன்னாள். மருமகள்தான் இங்கிலீஷில் கேட்டு எனக்குச் சொன்னாள். நீ கண்ணை மூடிய சேதியும் அதே பேச்சில்தான் வந்தது. அவள் சொன்ன தேதி என் காதில் ஏறவில்லை. எத்தனை நாளாச்சு என்று கேட்டு, விரலை மடக்கிப் பின்னோக்கி எண்ணினேன். கிளிவோன். மறுநாள் சந்தையை வைத்துக்கொண்டு போய்விட்டாயே மாஸ்.

மேலே தேதி போடணுமா மாமா என்று மருமகள் கேட்கிறாள். இங்கே இன்று வெள்ளிக்கிழமை. கீழே பள்ளிவாசலுக்கு ஆட்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். நான் எண்ணிவிட்டேன், தப்பவில்லை.

லெகி என்று போடு தாயி.